பதின்மூன்றாம் கலம்

புல எண் இருநூற்றுப் பதினாலில் இரண்டு.
புன்செய். மூன்று ஏக்கர் பதினெட்டு சென்ட்.
பட்டா, செங்கோடக் கவுண்டர்.
பயிர், கம்போடியாப் பருத்தி.
இதுவரைக்கும் அடங்கலில் என் பேனா தடுமாறவில்லை.

தை கடைசி. இரண்டாம் எடுப்பு.
எட்டுப் பெண்கள் குனிந்திருந்தார்கள், மடியில் பஞ்சு.
காலையிலிருந்தே அது மேலே சுற்றிக்கொண்டிருந்தது
தையல் மெஷின் மாதிரி.
கிளப் ஆரம்பித்து ஆறு மாதம். கரடிவாவி மாடுகள்கூட
மிரள்வதை விட்டிருந்தன.

விழுந்த இடம் பதினோரு சென்ட்.
சங்கிலி போட்டு நானே அளந்தேன்.
பார்க்க வந்தவர்கள் மிதித்தது
ஒன்றே முக்கால் ஏக்கர்.
சுல்தான்பேட்டையிலிருந்து சவாரி வண்டி கட்டி வந்தார்கள்.
தெளுவு விற்றவன் இரண்டாம் பானைக்கு ஆள் விட்டான்.
இறக்கைத் துணியை ஆளுக்கொரு முழம் கிழித்துப் போனார்கள்.
எத்தனை துவைத்தும் வார்னிஷ் வாசம் போகலைங்க என்றாள்
அதில் தூளி கட்டிய ஒருத்தி.

ஓட்டினவர் சீதாபதி நாயுடு. இருபத்திரண்டு வயது.
மில் முதலாளி வீட்டுப் பிள்ளை.
கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது,
முகத்தில் ஒரு கீறல் இல்லை.
கார் வந்தது. கோடி வேட்டி வந்தது.
மரத்தூளில் பொதிந்து ஐஸ் கட்டி வந்தது.

முன் சீட்டில் இருந்தவனுக்கு
பொழுது சாயும்வரை யாரும் வரவில்லை.
விசிறியைக் கையால் சுற்றிவிடுகிற பையனாம்.
ஒரே ஒரு தரம் மேலே கூட்டிப்போகச் சொல்லி
ஆறு மாதமாய்க் கேட்டானாம்.
பேர் மாசிலா என்றார்கள்.
மாசிலாமணியா, வெறும் மாசிலாவா,
கேட்டு எழுத ஆளில்லை.
பேப்பரில் ஒரு பேர்தான் வந்தது.

அவன்மேல் பாவாத்தாள் தன் மடியை அவிழ்த்துக் கொட்டினாள்,
விடிந்ததிலிருந்து பறித்தது முழுக்க.
"மூட ஒண்ணுமில்லீங்க, ஈ மொய்க்குது."
பத்தில் ஒரு பங்கு கூலி.
தராசில் அவளுக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததில் பத்தில் ஒன்று எவ்வளவு என்று
கவுண்டர் என்னைப் பார்த்தார்.
நான்தானே கணக்குப்பிள்ளை.

விசாரணைக்குப் பட்டணத்திலிருந்து துரை வந்தார்.
தொப்பியைக் கழற்றாமல் வரப்பில் நின்று கேட்டார்:
சத்தம் நின்று விழுந்ததா,
விழுந்து சத்தம் நின்றதா?

"சத்தம் நின்னுபோச்சுங்க" என்றாள் பாவாத்தாள்.
"அப்பறம் ஒரு காடை கத்துச்சுங்க.
அதுக்கப்பறந்தான் உழுந்துச்சு."

என் இங்கிலீஷ் மூன்றாம் பாரத்தோடு சரி.
முதல் வரியைச் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னேன்.
காடைக்கு என்ன வார்த்தை?
பறவை என்று சொன்னால்
பறவை மோதியது என்று எழுதிவிடுவார்.
விட்டுவிட்டேன்.

இப்போதும் ராத்திரியில் எண்ணிப் பார்க்கிறேன்,
ஒரு காடை கத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று.
அந்த நேரத்துக்கு
மேலே இருந்த இரண்டு பேரும் அதைக் கேட்டிருக்கலாம்.
எங்கள் ஊரிலிருந்து அவர்களுக்கு எட்டிய முதல் சத்தம்
அதுவாக இருக்கலாம்.

ஜமாபந்தியில் தாசில்தார் பக்கத்தைப் புரட்டினார்.
பயிர்ச் சேதத்துக்கு சர்க்கார் காரணம் கேட்கிறது:
வறட்சி, வெள்ளம், பூச்சி, தீ.
நான் 'ஆகாயம்' என்று எழுதியிருந்தேன்.

"ஆகாயம் பொய்த்தால் வஜா உண்டு, ஓய்.
ஆகாயம் விழுந்தால் கிடையாது."
சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு
'தீ' என்று போட்டார்.

தீப்பிடிக்கவே இல்லை.
பெட்ரோல் மண்ணுக்குள் ஊறி
மறு வருஷம் அந்தப் பதினோரு சென்டில்
சோளம் முழங்காலுக்கு மேல் எழவில்லை.
செங்கோடக் கவுண்டர் அதற்கும் சேர்த்துத்தான்
கிஸ்தி கட்டினார்.

பதின்மூன்றாம் கலம், குறிப்பு.
அகலம் என் சுண்டுவிரல்கூட இல்லை.
அதில் பென்சிலால், அழுத்தாமல்,
எழுதி வைத்திருக்கிறேன்:
மாசிலா, தகப்பன் பேர் தெரியவில்லை.
காடை ஒன்று.
பாவாத்தாளுக்கு ஒரு நாள் கூலி பாக்கி.